பெரிய ஆட்டக்காரர் நல்ல கோச்சும் ஆவாரா? கோபிசந்தை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இது. பன்னிரண்டு வயது மகள் மாவட்டப் போட்டிகளில் ஷட்டில் ஆடுகிறாள். ஊரில் இரண்டு அகாடமிகள். ஒன்றை நடத்துகிறவர் தேசியப் போட்டிகளில் ஆடியவர். மற்றதை நடத்துகிறவர் பெரிதாக எங்கும் ஆடாதவர். "பெரிய ஆட்டக்காரரிடமே சேர்த்துவிடுங்கள், கோபிசந்தைப் பார்க்கவில்லையா?" என்று எல்லோரும் சொல்கிறார்களாம். அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோபிசந்தைப் பார்க்கச் சொல்வது சரிதான். ஆனால் சொல்கிறவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். 2001ல் ஆல் இங்கிலாந்து ஷட்டில் கோப்பையோடு நிற்கும் படம், 2016ல் ரியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்துவுக்குப் பின்னால் கோச் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம், இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரியும். உங்கள் கேள்விக்கான பதில் அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் இருக்கிறது. நான் கிளப் அளவில் ஆடியவன். அப்புறம் பிள்ளைகளுக்கு ஷட்டில் எடுத்துப் போட்டே இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட் ஓரத்தில் கழித்தவன். அங்கிருந்து பார்த்ததையும் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புல்லேலா கோபிசந்த் 1973 நவம்பர் 16ல் ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டத்தில் நாகண்ட்லா என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் கிரிக்கெட் பைத்தியம். அண்ணன்தான் ஷட்டில் பக்கம் இழுத்துவிட்டார். அண்ணனும் நல்ல ஆட்டக்காரர். அவர் ஐஐடி நுழைவுத் தேர்வில் தேறிப் படிக்கப் போனார். ஆட்டம் அத்தோடு நின்றது. தம்பி பொறியியல் நுழைவுத் தேர்வில் தேறவில்லை; ஆட்டம் தொடர்ந்தது. படிப்பில் மந்தமாக இருந்தது தன் அதிர்ஷ்டம் என்று கோபிசந்தே மேடைகளில் சிரித்தபடி சொல்வார். கேட்கிற பெற்றோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளையின் பேட்டை அலமாரி மேல் வைத்துவிடுவார்கள்.

ஹைதராபாத்தில் அவருக்கு வாய்த்த குரு எஸ்.எம். ஆரிஃப். கண்டிப்புக்குப் பேர்போனவர். பின்னாளில் சாய்னா நேவாலும் அவர் கையில் பழகித்தான் வந்தார். ஆரிஃபிடமிருந்து பெங்களூர். அங்கே பிரகாஷ் படுகோனேயின் அகாடமி, இந்திய விளையாட்டு ஆணையத்தில் கங்குலி பிரசாத். ஆக, மூன்று விதமான கோச்களை அவர் பார்த்துவிட்டார். படுகோனே உலகம் வென்றவர். மற்ற இருவரின் பெயர் ஆட்டத்தைவிடச் சொல்லிக்கொடுத்ததாலேயே நிலைத்தது. உங்கள் ஊர் அகாடமிகள் இரண்டையும் நினைத்துக்கொண்டு இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள்.

அப்புறம் அந்த முழங்கால். 1994ல் புனேயில் தேசிய விளையாட்டுப் போட்டி. இரட்டையர் ஆட்டம் ஒன்றில் ஒரே ஷட்டிலுக்கு இருவரும் எம்பியபோது கூட்டாளியோடு மோதி விழுந்தார். முழங்கால் ஜவ்வு கிழிந்தது. வயது இருபது. அறுவை சிகிச்சை ஒன்றோடு முடியவில்லை.

ஷட்டில் ஆடாதவர்களுக்கு இதன் கனம் புரிவது கஷ்டம். டிவியில் பார்த்தால் இது கை ஆட்டம் போலத் தெரியும். உண்மையில் கால் ஆட்டம். நெட் பக்கம் விழும் டிராப்பை எடுக்க முன்னால் பாய்ந்து ஒரு காலை ஊன்றி நிற்கிறீர்களே, அந்த ஒரு கணத்தில் ஓடி வந்த வேகம் முழுவதையும் முழங்கால்தான் தாங்கி நிறுத்துகிறது. நின்ற கையோடு பின்னால் தள்ளி நடு கோர்ட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒரு மேட்சில் இது நூற்றுக்கணக்கான தடவை. ஜவ்வு போன காலோடு இதைச் செய்வது, கீல் ஆடும் கதவை நாள் முழுக்க அடித்துச் சாத்துவது போலத்தான்.

மறுபடி எழுந்து வந்தார். 1996ல் தேசிய சாம்பியன். 2000 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் அந்தப் பட்டத்தை விடவில்லை. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையரில் வெண்கலம், அணியாக வெள்ளி. 1999ல் அர்ஜுனா விருது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கடைசிப் பதினாறு பேர் சுற்றில் இந்தோனேசியாவின் ஹெந்திரவானிடம் தோற்றார். அந்த ஹெந்திரவான்தான் அந்த முறை வெள்ளி வாங்கினார்.

இந்த வருஷங்களில் அவர் கற்றுக்கொண்ட பாடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உடம்பு சொன்னபடி கேட்கும் ஆட்டக்காரனுக்குத் தான் எப்படி ஆடுகிறோம் என்றே தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. "எப்படி அடிச்சீங்க?" என்று கேட்டால், "அப்படியே வந்துச்சு" என்பான். அப்படிப்பட்டவனிடம் பத்து வயதுப் பிள்ளையை விட்டால், "இப்படி அடி" என்று அடித்துக் காட்டுவான், பிள்ளைக்கு வராது, "ஏன் வரலை?" என்று கோபப்படுவான். நடக்கவே மறுபடி பழகியவன் அப்படி இருக்க முடியாது. எந்தத் தசை எந்த மூட்டைத் தாங்குகிறது, எத்தனை நாள் ஓய்வு போதும், வலியில் எது ஆடக்கூடிய வலி, எது ஆடக்கூடாத வலி என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் அவன் கோர்ட்டுக்குத் திரும்புகிறான். கோபிசந்த் என்ற கோச்சின் பயிற்சிக் காலம் அந்த முழங்காலோடு தொடங்கியது என்பது என் அபிப்பிராயம்.

2001 மார்ச், பர்மிங்காம். ஆல் இங்கிலாந்து போட்டி. ஷட்டிலுக்கு உலகக் கோப்பை, ஒலிம்பிக் எல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னாலிருந்து நடப்பது. ஷட்டில்காரர்களுக்கு அது விம்பிள்டன் மாதிரி. கோபிசந்த் அதில் பத்தாம் தர வரிசை. போகிற வழியில் சிட்னியில் தங்கம் வாங்கிய சீனாவின் ஜி ஷின்பெங்கை 15-3, 15-9 என்று அனுப்பிவைத்தார். காலிறுதியில் டென்மார்க்கின் போய்சன். அரையிறுதியில் அன்றைய உலக நம்பர் ஒன், டென்மார்க்கின் பீட்டர் கேட். 17-14, 17-15. அந்தக் காலத்துப் புள்ளி முறையில் சர்வீஸ் கையில் இருந்தால்தான் புள்ளி. இல்லாவிட்டால் ராலியை, அதாவது ஷட்டில் கீழே விழும் வரை மாறி மாறி அடிப்பதை, ஜெயித்தாலும் சர்வீஸ் மட்டும்தான் கைக்கு வரும். அப்படியிருக்க 17-15 என்றால் எத்தனை ராலி ஆடியிருப்பார்கள் என்று யோசித்துப்பாருங்கள். அடுத்த நாள் இறுதியில் சீனாவின் சென் ஹோங்கை 15-12, 15-6 என்று முடித்தார். 1980ல் பிரகாஷ் படுகோனே வென்றதற்கு 21 வருஷம் கழித்து, இரண்டாவது இந்தியர். வயது 27.

ஆட்டக்காரராக அவருடைய உச்சம் அதுதான். அதன் பிறகு அந்த உயரத்துக்கு அவர் திரும்பவில்லை, காலும் விடவில்லை. உள்ளதைச் சொன்னால், உலக ஷட்டில் வரலாற்றில் ஆட்டக்காரர் கோபிசந்துக்கு ஒரு பெரிய பட்டமும் மரியாதையான ஓர் இடமும் உண்டு. பீட்டர் கேட், இந்தோனேசியாவின் தௌஃபிக் ஹிதாயத் வரிசையில் யாரும் அவரை வைக்க மாட்டார்கள்.

பட்டம் வென்ற சூட்டில் ஒரு பெரிய குளிர்பான விளம்பரம் வந்தது. தானே குடிக்காத பானத்தைப் பிள்ளைகளைக் குடிக்கச் சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டார். கையில் பெரிய பணம் இல்லாத ஆள் அப்போது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த கட்டத்தில் அவருக்குத் தேவைப்பட்டதும் பணம்தான்.

2003ல் அன்றைய ஆந்திர அரசு ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் ஐந்து ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. நிலம் கிடைத்தது, கட்டக் காசு இல்லை. வீட்டை அடமானம் வைத்தார். மனைவி பி.வி.வி. லட்சுமியும் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆடிய ஷட்டில் வீராங்கனை என்பதால் அந்த வீட்டில் இதற்குச் சம்மதம் கிடைத்திருக்கும் போல. வேறு வீடாக இருந்தால் சட்டி பானை பறந்திருக்கும். தொழிலதிபர் நிம்மகட்டா பிரசாத் ஐந்து கோடி ரூபாய் கொடுத்தார். 2008ல் எட்டு கோர்ட்டுகளோடு அகாடமி திறந்தது. அதற்கு முன்னாலேயே கைக்கு எட்டிய இடங்களில் பிள்ளைகளை வைத்துப் பயிற்சியைத் தொடங்கிவிட்டிருந்தார். 2006ல் தேசியத் தலைமைக் கோச்சும் ஆனார்.

அதே 2006ல் ஆட்டமே மாறியது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. சர்வீஸ் யாரிடம் இருந்தாலும் ராலியை ஜெயித்தவருக்குப் புள்ளி, ஒரு கேம் 21 என்று புதிய முறை வந்தது. பழைய முறையில் சர்வீஸ் கையில் இருக்கும்போது தப்பு செய்தால் சர்வீஸ்தான் போகும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம், பொறுமையாக உருட்டலாம். புது முறையில் ஒவ்வொரு தப்பும் எதிராளிக்கு ஒரு புள்ளி. முதல் ஷட்டிலிலிருந்தே முழு வேகம் வேண்டும். அதாவது, கோபிசந்த் கோச்சாகப் பொறுப்பேற்றபோது, தான் பட்டம் வென்ற ஆட்டமே கையில் இல்லை. தான் உச்சத்தில் ஆடியே பார்க்காத ஓர் ஆட்டத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்கும் கோச்சாக இருந்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

அகாடமியில் நாள் விடிகாலை நாலரை மணிக்குத் தொடங்கும். கோச் அதற்கு முன்பே வந்திருப்பார். பிள்ளைகள் மாறி மாறி வருவார்கள், கோச் மாறாமல் நிற்பார். கூடை நிறைய ஷட்டிலை வைத்துக்கொண்டு ஒன்று மாற்றி ஒன்றாக மூலைக்கு மூலை போட்டு ஓடவிடுவதற்கு மல்டி ஷட்டில் என்று பெயர். ஒரு ஷட்டிலில் பதினாறு இறகு, எடை ஐந்து கிராம் சுமார். நல்ல ஷட்டில் பன்னிரண்டு கொண்ட ஒரு டப்பா இன்றைக்கு ஆயிரங்களில் விற்கிறது. மேல்மட்ட ஆட்டத்தில் ஒரு மேட்சிலேயே டப்பா காலியாகிவிடும். பயிற்சியில் எவ்வளவு போகும் என்று உங்களுக்கே தெரியும், கட்டணம் கட்டுகிறவர் நீங்கள்.

முதல் பெரிய அறுவடை சாய்னா. 2008 பெய்ஜிங்கில் காலிறுதி, 2009ல் இந்தோனேசியா சூப்பர் சீரிஸ் பட்டம், 2010 டெல்லி காமன்வெல்த் தங்கம், 2012 லண்டனில் வெண்கலம். ஷட்டிலில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. வெண்கல ஆட்டத்தில் எதிராளி வாங் ஷின் காயம்பட்டு விலகினார் என்று சிலர் இன்னும் குத்திக்காட்டுவார்கள். முழங்காலை வைத்துக்கொண்டு பத்து வருஷம் போராடிய ஒருவருடைய சிஷ்யைக்கு, எதிராளியின் காலால் பதக்கம் வந்தது என்பது விதியின் ஒரு மாதிரியான கணக்கு. லண்டனில் பாருபள்ளி காஷ்யப் காலிறுதிக்குப் போனதும் இதே பட்டறையிலிருந்துதான்.

கிடாம்பி ஸ்ரீகாந்தின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. அவர் இரட்டையர் ஆடிக்கொண்டிருந்த பையன். ஒற்றையருக்கு மாறு என்று சொன்னது கோபிசந்த். 2014 ஜூலையில் மூளைக்காய்ச்சல் வந்து அகாடமியிலேயே மயங்கி விழுந்து தீவிர சிகிச்சையில் கிடந்தார். நாலே மாதம். நவம்பரில் சீனாவின் ஃபூஜோவில் சைனா ஓப்பன் இறுதியில், அவர்கள் ஊரிலேயே, லின் டானை நேர் கேம்களில் தோற்கடித்தார். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய லின் டான்.

அந்தத் தேதியைக் கவனியுங்கள்: 2014 நவம்பர் 16. கோபிசந்துக்கு 41வது பிறந்தநாள். அதே நாளில் அதே அரங்கில் பெண்கள் பட்டத்தை வென்றது சாய்னா. இரண்டு மாதம் முன்புதான் அவர் கோபிசந்தை விட்டு விலகி பெங்களூருக்கு விமல் குமாரிடம் போயிருந்தார். கூட இருந்த சிஷ்யனுக்கு ஒரு கோப்பை, விட்டுப்போன சிஷ்யைக்கு ஒரு கோப்பை. அன்று அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். சாய்னா போனது தனக்கு வலித்தது என்பதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

ஏன் போனார்? தன்மேல் போதிய கவனம் இல்லை என்பதுதான் அப்போது பேசப்பட்டது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே கோச், ஒரே கோர்ட், வளர்ந்துவரும் இன்னொரு பெண். இளையவள் வந்ததும் மூத்தவளுக்குத் தோன்றுவதுதான். போன இடத்திலும் சாய்னா சும்மா இருக்கவில்லை. 2015ல் ஆல் இங்கிலாந்து இறுதி, உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி, உலக நம்பர் ஒன். 2017ல் திரும்பி வந்தார். திரும்பிய பின் சாய்னாவும் சிந்துவும் வெவ்வேறு இடத்தில் தனித்தனியாகப் பயிற்சி செய்தார்கள். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் இறுதியில் இருவரும் மோதி சாய்னா வென்றார். ஒரு வீட்டில் இரண்டு பெண்ணை வளர்த்தவர்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

சரி, சிந்து. அப்பா ரமணாவும் அம்மா விஜயாவும் வாலிபால் ஆட்டக்காரர்கள். சிறுமியாக இருந்தபோது பயிற்சிக்காகத் தினமும் போக வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம். உயரம் இருந்தது, கை நீளம் இருந்தது, பணிவும் ரொம்ப இருந்தது. கோர்ட்டில் அந்தப் பணிவுதான் தொல்லை. ஒரு நாள் கோபிசந்த் அவரை அகாடமியின் நடு கோர்ட்டில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் கத்தச் சொன்னார். கத்தும் வரைக்கும் ராக்கெட்டைத் தொடக்கூடாது. கூச்சப்பட்ட பெண் அழுதது. கடைசியில் கத்தியது. ரியோவில் ஒவ்வொரு புள்ளிக்கும் அரங்கம் அதிரக் கேட்டோமே, அந்தச் சத்தத்தின் பிறப்பிடம் அதுதான்.

இதை நான் மெச்சிச் சொல்கிறேனா என்று கேட்டால், முழுசாக இல்லை. சிந்துவை ஆறேழு வருஷம் தினமும் பார்த்தவர் செய்ததால் அது பலித்தது. அந்தப் பெண் எங்கே உடைவாள், எங்கே வளைவாள் என்று அவருக்குத் தெரியும். இதைக் கேள்விப்பட்டு, போன மாதம் சேர்ந்த பிள்ளையை நடுவில் நிறுத்திக் கத்தவைக்கும் கோச்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அடுத்த மாதம் வரவில்லை.

ரியோவுக்கு முன் மூன்று மாதம் சிந்துவின் போன் கோபிசந்திடம் இருந்தது. ஐஸ்கிரீம் கிடையாது. தானும் சோறு, மாவுச்சத்தையெல்லாம் குறைத்துக்கொண்டு உடம்பை இறக்கினார், நாற்பது தாண்டிய வயதில் சிஷ்யையோடு ஈடுகொடுத்து ஆடுவதற்காக. காலிறுதியில் சீனாவின் வாங் யிஹான், அரையிறுதியில் ஜப்பானின் ஒகுஹாரா. 2016 ஆகஸ்ட் 19ல் இறுதி. ஸ்பெயினின் கரோலினா மரின். முதல் கேம் 21-19 சிந்துவுக்கு. அடுத்த இரண்டும் 12-21, 15-21. அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்ததே இரண்டு பதக்கம்: மல்யுத்தத்தில் சாக்ஷி மாலிக்கின் வெண்கலமும் இந்த வெள்ளியும். முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மேட்ச் நடக்கும்போது கோச் செய்யக்கூடியது ரொம்பக் கொஞ்சம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 11 புள்ளியில் ஒரு நிமிஷம், கேம்களுக்கு நடுவில் இரண்டு நிமிஷம். துண்டால் துடைத்துத் தண்ணீர் குடிக்கவே அதில் பாதி போய்விடும். மிச்சத்தில் இரண்டு வாக்கியம் சொல்லலாம். அந்த இரண்டு வாக்கியம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் வருஷக்கணக்கில் நாலரை மணி.

தனியாகவே எல்லாம் செய்தார் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2017ல் ஸ்ரீகாந்த் ஒரே வருஷத்தில் இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, டென்மார்க், பிரான்ஸ் என்று நான்கு சூப்பர் சீரிஸ் வென்றாரே, அப்போது ஒற்றையர் பயிற்சியைப் பார்த்துக்கொண்டவர் இந்தோனேசியாவின் முல்யோ ஹண்டோயோ, தௌஃபிக் ஹிதாயத்தை உருவாக்கியவர். இரட்டையர் ஆடும் சாத்விக், சிராக் இருவரையும் ஜோடி சேர்த்தது மலேசியாவின் டான் கிம் ஹர். 2019ல் பாசெலில் சிந்து ஒகுஹாராவை 21-7, 21-7 என்று ஊதித்தள்ளி உலக சாம்பியன் ஆனபோது கூடவே இருந்து உழைத்தவர் கொரியாவின் கிம் ஜி ஹியூன். 2021 டோக்கியோவில் சிந்து வெண்கலம் வாங்கியபோது கோச் நாற்காலியில் கொரியாவின் பார்க் டே சாங். கோபிசந்த் அந்த ஒலிம்பிக்குக்குப் போகவே இல்லை. கோச்களுக்கு இருந்த இடம் குறைவு என்பதால், ஆண்கள் ஒற்றையரைப் பார்த்துக்கொண்ட இந்தோனேசியக் கோச் போகட்டும் என்று விலகிக்கொண்டார். தன்னால் முடியாத இடத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து உட்காரவைக்கத் தெரிந்ததை, அவருடைய பதக்கங்களைவிடப் பெரிதாக நான் மதிக்கிறேன். நம் ஊர் கோச்களில் பாதிப் பேருக்கு, பிள்ளை லீவில் வேறு ஊர் முகாமுக்குப் போய் வந்தாலே முகம் சுருங்கும்.

குறைகளும் உண்டு. தேசியத் தலைமைக் கோச், தனியார் அகாடமியின் உரிமையாளர், இரண்டும் ஒரே ஆள் என்பது எந்த ஊரிலும் கேள்விக்கு உரியதுதான். இரட்டையர் வீராங்கனை ஜ்வாலா கட்டா இதைப் பல வருஷம் உரக்கக் கேட்டார். ஒற்றையருக்கே எல்லா கவனமும் போகிறது, இரட்டையர் ஆடுகிறவர்கள் வேண்டாத விருந்தாளிகள் போல நடத்தப்படுகிறார்கள் என்பதும் அவருடைய புகார். அவரும் அஷ்வினி பொன்னப்பாவும் 2011 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கியவர்கள். ஒதுக்கிவிடக்கூடிய குரல் இல்லை. பிறகு இரட்டையருக்கென்று வெளிநாட்டுக் கோச்கள் வந்தார்கள், சாத்விக்-சிராக் வந்தார்கள். கோபிசந்தின் மகள் காயத்ரியே ட்ரீசா ஜாலியோடு சேர்ந்து இரட்டையர் ஆடி, 2022லும் 2023லும் ஆல் இங்கிலாந்து அரையிறுதி வரை போனார். ஆனாலும் நாடு முழுவதும் திரும்பிப் பார்ப்பது ஓர் ஊரை, அங்கேயும் ஓர் ஆளை என்று ஆகிவிட்டதன் விலையை நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. 2022 மே மாதம் பாங்காக்கில் இந்தோனேசியாவை 3-0 என்று வீழ்த்தி, ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பையை வென்ற இந்திய அணியில் முதல் ஆட்டம் ஆடிய லக்ஷ்யா சென் பெங்களூர் படுகோனே அகாடமியின் பிள்ளை என்பது எனக்கு அதனாலேயே சந்தோஷம். 2024 பாரிஸில் ஷட்டிலில் நமக்குப் பதக்கமே இல்லை.

2025ல் கோபிசந்த் ஒன்று சொன்னார். வசதியோ குடும்பத் தொழிலோ பின்னால் இல்லாத வீட்டுப் பிள்ளைகளை விளையாட்டைத் தொழிலாக எடுக்கவேண்டாம் என்றுதான் பெற்றோருக்குச் சொல்வேன் என்கிற மாதிரி. நிறையப் பேர் கோபப்பட்டார்கள். வீட்டை அடமானம் வைத்து அகாடமி கட்டிய ஆளா இப்படி என்று. எனக்குக் கோபம் வரவில்லை. இருபது வருஷமாக வாசலில் வந்து நின்ற ஆயிரம் பிள்ளைகளில் டிவியில் வந்தவர்கள் பத்துப் பேர் என்றால், மற்றவர்களின் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்கும்தானே? முப்பது வயதில் மூட்டு போய், டிகிரி இல்லாமல், வேலையும் இல்லாமல் நிற்பவர்களை அவர்தான் நேரில் பார்க்கிறார்.

இப்போது உங்கள் இரண்டு அகாடமிகளுக்கு வருவோம். தேசியப் போட்டியில் ஆடியது ஒரு தகுதிதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. மேல்மட்ட ஆட்டத்தின் வேகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எந்தப் போட்டிக்கு எப்போது பெயர் கொடுக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாமும் தெரியும். ஆனால் அது கோச்சிங் இல்லை. வேறு தொழில். சீனாவின் லீ யோங்போ இரட்டையரில் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கியவர். அவர் தலைமைக் கோச்சாக இருந்த சீன அணி லண்டனில் ஐந்து தங்கத்தையும் அள்ளியது. ஆட்டத்தில் கிடைத்ததைவிடப் பெரியது கோச்சிங்கில் கிடைத்தது.

பெரிய ஊருக்குப் போனால்தான் ஆகும் என்றும் பதற வேண்டாம். 2022ல் ஸ்பெயினில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி வாங்கிய சங்கர் முத்துசாமி சென்னையிலேயே பழகியவர்.

ஒரு வாரம் லீவு போட்டு இரண்டு இடத்துக்கும் காலையில் போங்கள். முன்னால் சொல்லாமல் போங்கள். முதல் கோர்ட்டைப் பார்க்காதீர்கள். அங்கே எல்லா கோச்சும் நன்றாகத்தான் நிற்பார். கடைசி கோர்ட்டில் இருக்கும் சுமாரான பிள்ளைக்கு யார் ஷட்டில் போடுகிறார், கோச்சா அல்லது மூத்த பையனா என்று பாருங்கள். ஒரு பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றால் கோச் என்ன செய்கிறார்? "ஒன்றுமில்லை, ஆடு" என்கிறாரா, உட்காரவைத்துத் தொட்டுப் பார்க்கிறாரா? ஒரே தப்பைப் பிள்ளை ஐந்தாவது தடவை செய்யும்போது அதே வார்த்தையை இன்னும் சத்தமாகச் சொல்கிறாரா, வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறாரா? நீங்கள் போன நாலைந்து நாளில் அவர் எத்தனை நாள் பிள்ளைகளுக்கு முன்னால் வந்திருந்தார்? கேட்க முடிந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: இங்கிருந்து விட்டுப்போன பிள்ளைகள் யார் யார், இப்போது எங்கே ஆடுகிறார்கள் என்று. விட்டுப்போனவர்களைப் பற்றி அவர் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, உங்கள் மகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நாலரை மணிக்கு எழுந்திருக்கப்போவது அவள்.